மீன்பிடி போட்டு (விசைப்படகு) இஞ்சின் சூடு பாக்க வாங்குன லேசர் கன், எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

வாங்கலாமா வேணாமான்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா, வாங்குங்க. 1,180 ரூபா குடுத்தேன், அதுக்குத் தகும். ஆனா பாக்ஸப் பிரிச்ச கையோட சூடான இஞ்சின் மேல செவப்புப் புள்ளிய அடிச்சு, ஸ்கிரீன்ல வர்ற நம்பர அப்படியே நம்பிடாதீங்க. மொத நாள் நான் நம்பி ஏமாந்தேன், அத பின்னாடி சொல்றேன்.

ஏசி மெக்கானிக், பேக்கரிக்காரங்க, வீட்டுல கேக் சுடுறவங்க எல்லாரும் இந்த ஐட்டத்துக்கு ரிவ்யூ போட்டுட்டாங்க, விசைப்படகு இஞ்சினுக்கு வச்சுப் பாத்து யாரும் எழுதுன மாதிரி தெரியல, அதான் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க. பிராண்டு பேரு போடல. ஏன்னா இதே மஞ்சக் கறுப்பு பாடிய ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, 900லயும் இருக்கு 1,600லயும் இருக்கு. என்னோடது மைனஸ் 50லேர்ந்து 400 டிகிரி வரைக்கும் காட்டும், ரெண்டு சின்ன பேட்டரி, ஸ்கிரீன்ல லைட்டு இருக்கு, அவ்ளோதான்.

ஒண்ணு முக்கியம், கொரோனா டைம்ல நெத்தில வச்சுக் காச்சல் பாத்தாங்களே அந்த கன் வேற, இது வேற. பக்கத்து போட்டு ஓனர் வீட்டுல சும்மா கெடந்துச்சுன்னு அத எடுத்துட்டு வந்து இஞ்சின்கிட்ட காட்டுறாரு, அது "ஹை"ன்னு மட்டும் காட்டிட்டு பீப் பீப்னு கத்துது. அது மனுஷ ஒடம்பு சூட்டுக்குன்னே செஞ்சது, 42, 43 டிகிரிக்கு மேல அதுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணே இஞ்சினுக்கு பாரசிட்டமால் குடுங்கன்னு பசங்க ஒரு வாரம் ஓட்டுனானுங்க.

சரி கதைக்கு வர்றேன். நமக்கு நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை. ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின் போட்ட போட்டு, இழுவை மடி (கடல்ல இழுத்துக்கிட்டே போயி மீன் புடிக்கிற வலை). மீன்பிடித் தடைக்காலம் தெரியும்ல, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், அந்த நேரத்துலதான் எல்லாரும் போட்ட கரையேத்தி பெயிண்டு, பலகை வேலை, இஞ்சின் சர்வீஸ் எல்லாம் பாப்போம். நாங்களும் ஆயில் மாத்தி, பில்டர் மாத்தி, சீ வாட்டர் பம்ப்புல (இஞ்சின ஆத்த கடல் தண்ணி இழுக்கற பம்ப்பு) ரப்பர் இம்பெல்லர் (தண்ணியத் தள்ளுற றெக்கைச் சக்கரம்) போயிருந்துச்சு அதையும் புதுசா போட்டு, பூசை போட்டு கடலுக்கு எறங்குனோம்.

மொத பாடு (ஒரு தடவ மடிய எறக்கி இழுக்கறது) இழுக்கறப்ப ஒண்ணும் தெரியல. ரெண்டாவது பாடு, கோடியக்கரைக்குக் கெழக்க, மடிய எறக்கி ஒரு முக்கா மணி நேரம் இருக்கும், இஞ்சின் சூடு காட்டுற மீட்டர் 85லேர்ந்து மெல்ல மெல்ல ஏறி 100ஐத் தொட்டுச்சு. டிரைவர் மாமா உடனே ஆக்ஸிலேட்டர கொறச்சு மடிய ஏத்தச் சொல்லிட்டாரு. சும்மா ஓடுறப்ப 88, 90ல நிக்குது, மடி எறக்கி இழுத்தா ஏறுது. ஐஸும் டீசலும் போட்ட காசு போச்சேன்னு வயித்தெரிச்சலோட மெதுவா கரைக்கு வந்து சேந்தோம்.

எங்க டிரைவர் மாமாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவருக்கு மீட்டரே வேணாம், முப்பது வருஷமா ஓட்டுறாரு, வெளிய கொட்டுற கடல் தண்ணில கைய நீட்டிப் பாத்தே சொல்லுவாரு. அன்னிக்கும் கைய வச்சுட்டு "தண்ணி சுடுதுடா, எப்பவும் இப்படி சுடாது, தண்ணி பத்தல"ன்னாரு. அதான் சரியான பதில். ஆனா யாரு கேட்டா? நானே கேக்கல. சொந்த மாமா சொன்னத விட்டுட்டு நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போயி மெக்கானிக்கக் கூட்டியாந்தேன்.

பட்டறை பேரு வேணாம், ஊருக்குள்ள நாளைக்கும் மூஞ்சியில முழிக்கணும். வந்தாரு, இஞ்சின ஸ்டார்ட் கூட பண்ணச் சொல்லல, கூலண்ட் டேங்க் மூடியத் தெறந்து பாத்தாரு, கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, தலையை எறக்கணும்"னுட்டாரு. தலைன்னா ஹெட்டு, இஞ்சினோட மேல் பாகம், அதுக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்தான் கேஸ்கட். கேஸ்கட், ஹெட்டு லெவல் பாக்கறது, கூலி எல்லாம் சேத்து 46,000, நாலு நாளு. தடைக்காலம் முடிஞ்ச மொத வாரத்துல நாலு நாளு போட்டு கரையில நின்னா என்ன நஷ்டம்னு தொழில் பண்றவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இன்னொருத்தர் வந்தாரு, அவரு வேற மாதிரி, "தெர்மோஸ்டாட்டக் கழட்டி கடல்ல எறி, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு"ன்னாரு.

இந்த தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு ஒரு நிமிஷம் நிக்கிறேன், ஏன்னா நம்ம கரையில பாதி போட்டுல அது இல்ல, கழட்டிட்டாங்க. பல இஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை. சூடானதும் கூலருக்குப் (இஞ்சின் தண்ணிய கடல் தண்ணி வச்சு ஆத்துற டப்பா) போற வழியத் தெறக்கும், அதே சமயம் கீழ இருக்கற இன்னொரு தட்டு பைபாஸ் வழிய மூடும். அதக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவுமே தெறந்தே கெடக்கும், சுடுதண்ணில ஒரு பங்கு கூலருக்கே போகாம திரும்ப இஞ்சினுக்குள்ளயே சுத்தும். சூடு கொறையணும்னு கழட்டுனா சில இஞ்சின்ல லோடு ஏறுறப்ப சூடு கூடத்தான் செய்யும். சந்தேகமா இருந்தா கழட்டி ஒரு சட்டில தண்ணி ஊத்தி நூல்ல கட்டித் தொங்க விட்டு அடுப்புல வைங்க, எத்தன டிகிரின்னு அது மேலயே அடிச்சிருக்கும், அந்தச் சூட்டுக்குத் தெறக்குதான்னு பாருங்க. நாங்க பாத்தோம், நல்லாத்தான் தெறந்துச்சு. அதோட அந்த ஆளுக்கும் டீ வாங்கிக் குடுத்து அனுப்பியாச்சு.

அக்கா மவன் ஒருத்தன் ஏசி வேலை பாக்குறான். அவன்தான் "மாமா, பிரிக்கறதுக்கு முன்னாடி எங்க எவ்ளோ சூடுன்னு அளந்து பாப்போம்"னு சொல்லி அவன்கிட்ட இருந்த கன்ன எடுத்துட்டு வந்தான். நான் பின்னாடி வாங்குனதும் அதே மாடல்தான், அதனால ரெண்டையும் சேத்தே ரிவ்யூன்னு வச்சுக்கங்க.

மொத ஏமாந்தது இதுலதான். கட்டி வச்ச எடத்துலயே கொஞ்ச நேரம் ஓட விட்டு, கூலருக்குப் போற இரும்பு பைப்புல அடிச்சோம், 56ன்னு காட்டுச்சு. ஆகா, இஞ்சின் சில்லுன்னு இருக்கு மீட்டர்தான் பொய் சொல்லுதுன்னு எனக்கு ஒரே சந்தோசம், சந்தோசத்துல பைப்பத் தொட்டேன். ரெண்டு விரல் பொத்துருச்சு. அந்த பைப்புக்கு நாங்க தடைக்காலத்துல பளபளன்னு சில்வர் பெயிண்டு அடிச்சு வச்சிருந்தோம், அதான் காரணம். இந்த கன்னு லேசர வச்சு அளக்கல, லேசர் சும்மா குறி காட்டத்தான், ஒரு பொருள்லேர்ந்து வர்ற வெப்பக் கதிர லென்ஸ் வாங்கித்தான் நம்பர் போடுது. கறுப்பா மங்கலா இருக்கறது கதிர நல்லா வெளிய விடும். சில்வர் பெயிண்டு, பாலிஷ் போட்ட பித்தளை, செம்பு, ஸ்டெயின்லெஸ் எல்லாம் சரியா விடாது, அதுமேல பட்டுத் தெறிக்கிற மத்த எடத்துச் சூட்டத்தான் பாதி காட்டும். வெல கூடுன கன்னுல இதுக்கு, அதாவது பொருள் கதிர எவ்ளோ வெளிய விடுதுங்குற கணக்குக்கு, செட்டிங் இருக்கு, இதுல 0.95ன்னு கம்பெனியே பூட்டி அனுப்பிட்டாங்க, மாத்த முடியாது.

வழி என்னன்னா எலக்ட்ரிக் டேப்பு. பத்து ரூபா கறுப்பு இன்சுலேஷன் டேப்ப பைப்பு மேல நல்லா ஒட்டுற மாதிரி ஒரு சுத்து சுத்தி, ரெண்டு நிமிஷம் விட்டு அது மேல அடிங்க. அதே பைப்பு, அதே நேரம், சில்வர் மேல 56, டேப்பு மேல 84! டேப்பு ஒட்டாம இந்த கன்ன போட்டுல யூஸ் பண்ணாதீங்க, தெர்மோஸ்டாட் ஹவுசிங், கூலருக்குப் போற பைப்பு, வர்ற பைப்பு, கடல் தண்ணி உள்ள வர்ற எடம், வெளிய போற எடம், எல்லாத்துலயும் டேப்பு ஒட்டிடுங்க. சைலன்சர் பக்கம் டேப்பு உருகிரும், அங்க பைக் சைலன்சருக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்ட ஒரு காசு அகலத்துக்கு அடிச்சு விட்டா போதும். ரப்பர் ஓஸ் கறுப்பாத்தான் இருக்கும், டேப்பு வேணாம், ஆனா ரப்பரு கனமா இருக்கறதால உள்ள ஓடுற தண்ணி சூட்ட விட வெளிய கொறச்சுத்தான் காட்டும், அதனால ஓஸ விட்டுட்டு கிளாம்புக்குப் பக்கத்துல இருக்கற இரும்புல பாருங்க.

பாக்ஸ்ல 12க்கு 1னு போட்டிருக்கும். ஒரு அடி தூரத்துலேர்ந்து அடிச்சா ஒரு இஞ்ச் வட்டத்தோட சராசரிச் சூடு வரும், மூணு அடி தள்ளி நின்னா மூணு இஞ்ச் வட்டம். இஞ்சின் ரூமுக்குள்ள குனிய சோம்பல் பட்டு மேலேர்ந்தே அடிச்சீங்கன்னா பைப்பு, பின்னாடி இருக்கற பலகை, பக்கத்து வயரு எல்லாம் சேந்து ஒரு நம்பர் வரும், அது ஒண்ணுத்துக்கும் ஒதவாது. கிட்டப் போங்க, ஆனா பெல்ட்டுப் பக்கம் லுங்கி, துண்டு எல்லாம் இழுத்துச் சொருகிக்கிட்டுப் போங்க.

கட்டி வச்ச எடத்துல ஓட்டுனா நோய் வெளிய வராது, லோடு ஏறுனாத்தான் தெரியும்னு மறுநாள் விடியக்காலம் கடுவையாத்து முகத்துவாரம் தாண்டி வெளிய போயி ஒரு சின்னப் பாடு இழுத்தோம். மச்சான் நோட்டு எழுதுறான், அக்கா மவன் அடிக்கிறான், மாமா மீட்டர் சொல்றாரு. கடல் தண்ணி கூலருக்குள்ள போறப்ப 30. வெளிய வர்றப்ப 63. இஞ்சின் தண்ணி கூலருக்குள்ள போறப்ப 97, குளுந்து திரும்புறப்ப 90. மீட்டர் 99. இந்த அஞ்சு நம்பர்தான், அதுக்கப்புறம் ஒண்ணும் அளக்கல, மடிய ஏத்திட்டு வந்துட்டோம்.

இத எப்படிப் படிக்கிறதுன்னா, நான் புரிஞ்சுக்கிட்டத சொல்றேன். இஞ்சின் குடுக்குற சூட்ட கடல் தண்ணி வாங்கிட்டு வெளிய போகுது. நிறையத் தண்ணி ஓடுனா ஒவ்வொரு லிட்டரும் கொஞ்சம்தான் சூடாகும். கொஞ்சமாத் தண்ணி ஓடுனா அந்தக் கொஞ்சமே மொத்தச் சூட்டையும் சொமக்கணும், அதனால கொதிக்கிற மாதிரி வெளிய வரும். 30ல போனது 63ல வருதுன்னா 33 டிகிரி ஏத்தம், அது ரொம்ப ஜாஸ்தி. ஆக கடல் தண்ணி பத்தல. மாமா கைய வச்சு சொன்னதேதான். இதுவே கடல் தண்ணி லேசாத்தான் சூடாகி வருது ஆனா இஞ்சின் மட்டும் 100ல நிக்குதுன்னா, தண்ணி ஓடுது, கூலர் டியூபுல உப்பும் பாசியும் படிஞ்சு சூடு மாறலன்னு அர்த்தம். இஞ்சின் தண்ணி 100ல போயி 75ல திரும்புதுன்னா அந்தப் பக்கத்துத் தண்ணி மெதுவா ஓடுது, பெல்ட்டு லூசா, பம்ப்பு போச்சா, தெர்மோஸ்டாட் பாதிதான் தெறக்குதான்னு அங்க தேடணும். எங்களுக்கு அந்தப் பக்கம் 7 டிகிரிதான் கொறஞ்சுச்சு, அது நார்மல்.

கடல் தண்ணி பத்தலன்னு தெரிஞ்ச ஒடனே அடுத்தது பக்கெட்டு. இதுக்கு கன்னே வேணாம், 10 லிட்டர் பக்கெட்ட கடல் தண்ணி வெளிய கொட்டுற எடத்துல புடிச்சு ஐடிலிங்ல எத்தன செகண்டுல நெறயுதுன்னு போன்ல பாத்தோம், 38 செகண்டு. பக்கத்துல நம்ம இஞ்சின் மாதிரியே இருக்கற போட்டுல புடிச்சா 12 செகண்டுல வழியுது. மூணுல ஒரு பங்குத் தண்ணிதான் எங்களுக்கு வருது.

எங்க அடைக்குதுன்னு அடியிலேர்ந்து பாத்துட்டு வந்தோம். ஒரு தம்பி கண்ணாடி மாட்டிட்டு முங்கி அடிச் சல்லடையப் பாத்தான், பிளாஸ்டிக் கவரு ஏதும் இல்ல. வால்வு முழுசாத் தெறந்திருக்கு. ஸ்ட்ரெய்னர்ல (கடல் தண்ணி வடிகட்டி) ரெண்டு சொறி (ஜெல்லி மீன்) துண்டு, கொஞ்சம் பாசி, கழுவி விட்டோம், பக்கெட்டு டைம் அப்படியேதான் இருந்துச்சு. இம்பெல்லர் புதுசு, கழட்டிப் பாத்தோம், நல்லாவே இருக்கு. பம்ப்புலேர்ந்து கூலருக்குப் போற ஓஸக் கழட்டி பக்கெட்டுக்குள்ள விட்டு ரெண்டு செகண்டு ஸ்டார்ட் பண்ணோம், சளார்னு அடிக்குது பாருங்க, மச்சான் சட்டையெல்லாம் நனஞ்சிருச்சு. அப்ப பம்ப்பு வரைக்கும் ஓகே, அடைப்பு கூலர்லதான்.

கூலர் முன் மூடியில நாலு போல்ட்டு. கழட்டுனா டியூபு வாயெல்லாம் தெரியுது, தேன்கூடு மாதிரி. அதுல குறுக்க கெடக்கு, கறுப்பா, சுண்டு விரல் நீளத்துக்கு மூணு ரப்பர் துண்டு. பழைய இம்பெல்லரோட றெக்கை! பக்கத்துலயே சிப்பி ஓடு, மண்ணு எல்லாம் அந்த றெக்கையில வந்து சிக்கி அணை கட்டுன மாதிரி நிக்குது. தடைக்காலத்துல இம்பெல்லர் மாத்துன ஆளு பழசுல மூணு றெக்கை இல்லன்னு பாத்திருக்கணும், இல்லாதது எங்க போச்சுன்னு தேடியிருக்கணும். ரப்பர் காத்துல கரைஞ்சா போகும்? பம்ப்ப விட்டு ஒடஞ்சா அடுத்து அது போயி நிக்கிற எடம் கூலர்தான். அவரும் தேடல, கூட நின்ன நானும் எண்ணிப் பாக்கல, அந்த தப்புல பாதி என்னோடது. இப்பல்லாம் பழைய இம்பெல்லர் கையில வந்தா மொத வேல றெக்கைய எண்றதுதான், கொறஞ்சா எல்லாத் துண்டும் கெடைக்கிற வரைக்கும் மூடிய மூடுறதில்ல.

டியூபு உள்ள கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டையாயிரும், அப்பறம் கடல் தண்ணி இஞ்சின் தண்ணில கலந்து இன்னும் பெரிய செலவு. தென்னை ஈர்க்குச்சிய நாலஞ்சு சேத்து நூல்ல கட்டி ஒவ்வொரு டியூபா விட்டு இழுத்து, ஓஸ் வச்சு பின்னாடிலேர்ந்து தண்ணியடிச்சுக் கழுவுனோம். உள்ள இருந்த ஜிங்க் துண்டும் (கூலர் அரிக்காம இருக்க அதுக்குப் பதிலா கரையறது) பாதி கரைஞ்சிருந்துச்சு, அதையும் மாத்திட்டோம். மூடி கேஸ்கட், ஜிங்க்கு, ரெண்டு கிளாம்பு, எல்லாம் சேத்து 700 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருச்சு. அரை நாள் வேலை. ஹெட்டுல ஒரு போல்ட்டு கூடத் தொடல.

மறுநாள் அதே மாதிரி இழுத்து அதே எடத்துல அடிச்சோம். கடல் தண்ணி உள்ள 30, வெளிய 41. இஞ்சின் தண்ணி 82, திரும்புறப்ப 75. பக்கெட்டு 12 செகண்டு.

இப்ப நான் இந்த ரிவ்யூவுல சொல்ல வந்த மெயின் விஷயம். அன்னிக்கு எங்களுக்குப் பெரிய கொழப்பமா இருந்தது என்னன்னா, 63ங்குறது ஜாஸ்தின்னு அக்கா மவன் சொல்றான், ஆனா நல்லா இருந்தப்ப எவ்வளவுன்னு எங்ககிட்ட நம்பரே இல்ல. பக்கத்து போட்ட வச்சுத்தான் ஒப்பிட்டோம். அதனால வாங்குன ஒடனே, இஞ்சின் நல்லா ஓடுற அன்னிக்கே, மடி எறக்கி இழுக்கறப்ப ஒரு தடவ, சும்மா ஓடுறப்ப ஒரு தடவ, டேப்பு ஒட்டுன எல்லா எடத்துலயும் அடிச்சு ஆர்பிஎம்மோட எழுதி வைங்க. நாங்க இஞ்சின் ரூம் பலகையிலயே பெயிண்டுல எழுதிட்டோம், நோட்டு போட்டா டீசல் பட்டு நாசமாயிரும். வம்படியா சொல்றேன்னு நெனைக்காதீங்க, கெட்ட அன்னிக்கு மட்டும் அடிச்சா இந்த கன்னு பாதி கன்னுதான். நம்ம பக்கத்துலயே ஒவ்வொரு இஞ்சினுக்கும் நம்பர் வேற வேற, கூலர் சைஸ் வேற, புரொப்பல்லர் வேற, 240 குதிரைக்கு மேல போடக்கூடாதுன்னு ரூல் இருந்தும் என்னென்ன இஞ்சின் ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். என் 41 உங்களுக்குப் பொருந்தாது.

இதால முடியாததும் இருக்கு. ஹெட் கேஸ்கட் நெசமாவே போயிருந்தா இது சொல்லாது. அதுக்கு ஆறுன இஞ்சின மூடி தெறந்தபடி ஸ்டார்ட் பண்ணி கூலண்ட் டேங்குல விடாம குமிழி வருதான்னு பாக்கணும், இல்லன்னா மூடிய மூடி ஸ்டார்ட் பண்ணி, சூடே ஏறாத ஒரு நிமிஷத்துலயே மேல் ஓஸ் கல்லு மாதிரி எறுகுதான்னு அமுக்கிப் பாக்கணும். அந்த மொத பட்டறைக்காரரு இத ரெண்டையும் பண்ணல. கூலண்ட் கொறஞ்சிருந்ததுக்குக் காரணம் சூடு ஏறி மூடி வழியா வழிஞ்சது, அவ்ளோதான். ஆமா, சூடா இருக்கறப்ப மூடியத் தெறக்காதீங்க. பிரஷர் மூடி போட்ட டேங்குல தண்ணி 100 தாண்டியும் கொதிக்காம அடங்கி இருக்கும், தெறந்த அந்த செகண்டு மொத்தமும் கொதிச்சு மூஞ்சிக்கு வரும். சூடான இஞ்சின் மேல கடல் தண்ணி மோந்து ஊத்துற வேலையும் வேணாம், ஹெட்டு வெடிச்சிரும்.

ஒரு தடவ இது வேற மாதிரி ஒதவுச்சு. காச்சல் கன் வச்சிருந்தாருன்னு சொன்னேனே, அவரு போட்டுல மீட்டர் திடீர்னு 110 காட்டுது, அலாரம் அடிக்குது, அவரு பயந்துபோயி கூப்பிட்டாரு. டேப்பு ஒட்டி தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல அடிச்சா 81. பக்கெட்டும் நல்லா நெறயுது. மீட்டர் போர்டோட எர்த்து வயருல பச்சைக் களிம்பு பிடிச்சிருந்துச்சு, உப்புக் காத்துல இது சகஜம், சொரண்டி மாட்டுனதும் மீட்டர் எறங்கிருச்சு. அதே சமயம் மீட்டர் 99 கன்னு 97ன்னு எனக்கு வந்த மாதிரி ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா மீட்டரக் கொறை சொல்லாதீங்க.

இன்னொரு யூஸ், சைலன்சர் மேனிஃபோல்டுல (எல்லா சிலிண்டர் புகையும் வந்து சேர்ற பைப்பு) ஒவ்வொரு சிலிண்டர் வாயிலயும் அடிச்சா எந்த சிலிண்டர் சரியா எரியலன்னு தெரியும், மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கறப்ப ஒண்ணு மட்டும் ரொம்பக் கம்மியா இருந்தா அந்த சிலிண்டருக்கு டீசல் பீச்சுற நாசில் மேல சந்தேகம். மேனிஃபோல்டுக்கு வாட்டர் ஜாக்கெட் (சுத்தித் தண்ணி ஓடுற உறை) இருக்கற இஞ்சின்ல இது வேலைக்காவாது, தண்ணிச் சூடுதான் வரும்.

கன்னோட குவாலிட்டி எப்படின்னு கேட்டா சுமார்தான். இஞ்சின் ரூமுக்குள்ளயே மாட்டி வச்சா கன்னே சூடாகி நம்பர் தப்பா வருது, அதுவும் 50 டிகிரில வேலை செய்யற மாதிரி செஞ்சது இல்ல போல. வீல் ஹவுஸ்ல (போட்டு ஓட்டுற ரூம்) வச்சு எடுத்துட்டு எறங்குனா ஒரு கால் மணி நேரம் அந்தச் சூட்டுக்குப் பழக விடணும், அவசரத்துக்கு அடிச்சா ரெண்டு மூணு டிகிரி ஆடுது. லென்ஸுல உப்புத் தண்ணி தெறிச்சாலும் ஆவி படிஞ்சாலும் கொறச்சுக் காட்டும், நல்ல தண்ணில நனைச்ச மெல்லிசு துணியால தொடைக்கணும், லுங்கி முனைய வச்சுத் தேச்சா கீறல் விழுந்துரும் (எனக்கு விழுந்துருச்சு). ட்ரிகர் ஆறாவது மாசம் உப்புல இறுகிச்சு, கொஞ்சம் ஸ்பிரே அடிச்சு சரி பண்ணோம். ரொம்பக் கிட்டக்க அடிச்சா செவப்புப் புள்ளி ஒரு எடத்துல இருக்கும், லென்ஸ் அதுக்குக் கொஞ்சம் கீழ பாக்கும், சின்ன பைப்புன்னா அத மனசுல வச்சுக்கணும். பசங்க ஒருத்தன் கண்ணுல ஒருத்தன் லேசர் அடிச்சு வெளையாடுவானுங்க, மொத நாளே சத்தம் போட்டு நிறுத்துங்க.

வித்தவங்க சர்வீஸ் பத்தி எழுத ஒண்ணுமில்ல. வாரண்டி கார்டுல இருக்கற நம்பருக்கு நாலு தடவ அடிச்சேன், எடுக்கல.

டிரைவர் மாமா இன்னிக்கும் கன்னத் தொடுறதில்ல. கடல் தண்ணி கொட்டுற எடத்துல கைய நீட்டிட்டு "நாப்பது இருக்கும், அடிச்சுப் பாரு"ம்பாரு, ரெண்டு டிகிரிக்கு மேல தப்புனதில்ல. ஆனா அவரு போட்டுல இல்லாத அன்னிக்கு யாரு கைய நம்புறது, அதுக்குத்தான் இது. மத்த நேரமெல்லாம் கன்னு சமையல் பையன்கிட்டதான் கெடக்கு, எண்ணெய் காஞ்சிருச்சான்னு அடிச்சுப் பாத்துத்தான் மீன போடுறான். போன மாசம் கீழ போட்டு பேட்டரி மூடிய ஒடச்சுட்டான், வலை நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கோம். அஞ்சுல நாலு ஸ்டார், அந்த மூடிக்காக ஒண்ணு கொறச்சிருக்கேன்.